எங்கள் கிணறு தேறிவிட்டது

அன்பும் பொறுமையும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உங்கள் மாமியாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். வெறுமனே நலம் என்று எழுதினால் நம்பக்கூடிய நிலையில் நீங்கள் இல்லை என்பது உடனே ஞாபகம் வந்தது. ஆகவே ஆய்வகத்தின் முத்திரை பதித்த அறிக்கையின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். முதலில் அதைப் பார்த்துவிட்டு மேலே படிக்கவும். அங்கு நீங்களும், என் மகளும், எல்லோருக்கும் மேலாக என் பேத்தி வாலுவும் சுகமாக இருக்க வேண்டும். வாலுவுக்கு எடை கூடியிருக்கிறதா என்று எழுதவும். சுமாராக எழுத வேண்டாம், கிராம் வரைக்கும் எழுதவும். ஆயுள் முழுக்கக் கடைகளின் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை வைத்த ஆய்வாளன் நான். சுமார் என்ற சொல் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

போனில் சொல்லக்கூடியதை இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாரே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். போனில் நான் "கிணறு" என்று வாயைத் திறந்தாலே என் மகள், "அப்பா, அடுப்புல பால் பொங்குது" என்று வைத்துவிடுகிறாள். ஒரு வீட்டில் காலையும் மதியமும் ராத்திரியும் இத்தனை பால் பொங்கி நான் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் பொய் சொல்லக் கூச்சப்படுகிறவர், அதனால் எடுப்பதே இல்லை. கடிதமென்றால் நடுவில் வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் ஒரு பாதியையாவது படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம் கிணற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. இந்தத் தெரு முழுக்கக் குழாய் இணைப்பு கொடுத்தபோது வேண்டாம் என்று சொன்ன ஒரே வீடு இதுதான். வாசலில் பள்ளம் தோண்ட வந்த ஆட்களுக்கு ஆளுக்கொரு சொம்பு கிணற்றுத் தண்ணீர் கொடுத்து, குடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், இந்த வீட்டுக்குக் குழாய் எதற்கு என்று கேட்டு அனுப்பினேன். மறுநாள் அவர்களில் ஒருவரும் வேலைக்கு வரவில்லை. வேலை அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நீங்கள் இருவரும் வேலைக்குப் போக வசதியாக வாலுவை எங்களிடம் விட்டீர்கள், அவளும் இந்தத் தண்ணீரில்தான் வளர்ந்தாள், வளர்ந்தாளே தவிர சதை போடவில்லை, அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, "வீட்டுத் தண்ணியை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்க சார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஊரார் தராசையெல்லாம் சோதித்தவன் தன் கிணற்றைச் சோதிக்க மாட்டேன் என்றால் நன்றாகவா இருக்கும்? ஆய்வகத்தில் ஒரு புட்டி கொடுத்தார்கள். வாங்கி வந்து உங்கள் மாமியாரிடம் நீட்டி, "இதுல தண்ணி பிடிச்சு வை, சாயந்திரம் கொடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். நான் செய்த தவறு அவ்வளவுதான், புட்டியை நீட்டியது.

அறிக்கை வந்தது. கிருமி எதுவும் காணப்படவில்லை, குடிக்க உகந்தது என்று கண்டிருந்தது. மாப்பிள்ளை, அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினேன் என்பதை நீங்களே பார்த்தீர்கள். மாட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தத் தாளின் பலத்தில், இனிமேல் இந்த வீட்டில் குடிதண்ணீரைக் கொதிக்க வைக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டேன். உங்கள் மாமியார், "குழந்தைக்கு மட்டுமாவது கொதிக்க வைக்கிறேனே" என்று இழுத்தாள். முத்திரை வைத்த படிக்கல்லை யாராவது மறுபடி எடை போடுவார்களா, சான்றிதழைப் படித்தாயா இல்லையா என்று வாயை அடைத்துவிட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரர் குழாய்த் தண்ணீரைக் குடித்துச் சீரழிகிறாரே என்று பரிதாபப்பட்டு, தினம் ஒரு குடம் அவர் வீட்டுக்கும் போக ஏற்பாடு செய்தேன். அவர் ரொம்பவும் தயங்கினார். நான் விடவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை உங்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. வாலுவுக்குக் காய்ச்சலும் பேதியும் கண்டு, கண்கள் உள்ளே போய், நாக்கு உலர்ந்து, என் தோளில் துணிபோலக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் நரம்பு கிடைக்கவில்லை என்று அந்தச் சின்னக் கையை மாற்றி மாற்றிக் குத்தினார்கள். அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீங்கள் வேலையிலிருந்து நேராக ஓடி வந்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றீர்கள். என்னை நாலு வார்த்தை திட்டுவீர்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். நீங்கள், "மாமா, இனிமே பாப்பா எங்ககிட்டயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னீர்கள். அதையும் மெதுவாகச் சொன்னீர்கள். கீழே மருந்து வாங்கப் போனால் அங்கே வரிசையில் தையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என்னைப் பார்த்ததும் அந்த நிலையிலும் வணக்கம் சொன்னார்.

சான்றிதழ் கூடத்தில் தொங்குகிறது, குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, இரண்டில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது என்று நான் ஆய்வகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர்கள் ஒரு பெண்ணை நேரிலேயே அனுப்பினார்கள். நம் வாலுவுக்கு அக்கா வயதுதான் இருக்கும் போலத் தோற்றம், ஆனால் படித்து முடித்து வேலைக்கே வந்துவிட்ட பெண்ணாம். கையுறை போட்டுக்கொண்டாள், கிணற்றடி மோட்டார்க் குழாயின் வாயை நெருப்பில் காட்டினாள், தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓட விட்டாள், பிறகு புட்டியைத் திறந்து அதன் உட்புறம் விரல் படாமல் பிடித்தாள். உங்கள் மாமியார் இதையெல்லாம் வாய் பார்த்துக்கொண்டு நின்றவள், அந்தப் பெண் புட்டியை மூடியதும் பதறிப்போய், "ஏம்மா, பச்சைத் தண்ணியையா எடுத்துட்டுப் போறே? குடிக்கிறவங்க வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "யாரும்மா குடிக்கப் போறாங்க?" என்றாள்.

"டெஸ்ட் பண்றவங்கதான். போன தடவை நான் புட்டியை சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணியை நல்லாத் தளதளன்னு கொதிக்க வச்சு, ஆற வச்சு, வெள்ளைத் துணியில வடிகட்டிக் குடுத்தனுப்பினேன். முன்னப்பின்னத் தெரியாதவங்களுக்குக் குடுக்கறப்போ நம்ம வீட்டு மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

மாப்பிள்ளை, அந்த ஆய்வகப் பெண் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்திருப்பேன், இடமில்லை. சோதனை என்றால் யாரோ ஒருவர் ஒரு வாய் குடித்துப் பார்த்து, தலையாட்டி, கையெழுத்துப் போடுவார் என்று இவள் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வகையில் அந்த அறிக்கையில் பொய்யே இல்லை. உங்கள் மாமியார் கொதிக்க வைத்த தண்ணீர் குடிக்க உகந்தது என்பதற்கு அது சரியான சான்றுதான். அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டுத்தான் அவளைக் கொதிக்க வைக்கக் கூடாது என்று தடுத்திருக்கிறேன். அன்று நான் போட்ட சத்தத்தில் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். உங்கள் மாமியார் சான்றிதழைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, பரண் மேல் வைத்துவிட்டு, பின்கட்டில் போய் உட்கார்ந்து அழுதாள். நானும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. எனக்கும் அப்போது யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

புது அறிக்கை வந்தது. ஈ.கோலி என்று ஒரு கிருமி ஏராளமாக இருக்கிறதாம். அது எங்கிருந்து வரும் என்று கேட்டேன். அந்தப் பெண் நாசூக்காக, "கழிவுநீர்லேருந்து வரும் சார்" என்றாள். யார் வீட்டுக் கழிவுநீர் என்று கேட்டேன், அக்கம்பக்கத்தில் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு. "உங்க செப்டிக் டேங்க் எங்க இருக்கு?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீடு கட்டும்போது கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில் விதிப்படி இருக்க வேண்டிய தூரத்தை, அரசு முத்திரை வைத்த நாடாவைக்கொண்டு நானே அளந்தவன், ஒரு அங்குலம் குறையாது என்றேன். எப்படி அளந்தீர்கள் என்றாள். நடந்து காட்டினேன். கிணற்றடியில் ஆரம்பித்து, சுவரோரமாகப் போய், வாசல் பக்கம் திரும்பி, வீட்டைச் சுற்றி வந்து, டேங்கின் மூடியில் முடித்தேன். அந்தப் பெண் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் டேங்க், நடுவில் சமையலறை மட்டும்தான் இருக்கிறது. "தண்ணி உங்க வாசல் வழியா சுத்திக்கிட்டா சார் போகும்?" என்று கேட்டாள். உங்கள் மாமியார் அத்தனை நாள் கழித்து அன்றுதான் முதல்முறை சிரித்தாள். மனிதன் நடந்துதானே போகிறான், அதனால் நடக்கும் வழியை அளந்தேன், அதில் என்ன தப்பு என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. நாடா சரியான நாடாதான்.

சரி, நடந்தது நடந்துவிட்டது, சரிசெய்வோம் என்று தூர் வாருகிறவரை வரவழைத்தேன். தண்ணீரை இறைத்து, உறைகளைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். கிணற்றின் விட்டம், ஆழம், நிற்கும் தண்ணீர் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பவுடரை நான் தராசில் நிறுத்து வைத்தேன். அவர் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கணக்கு கணக்கா இருக்கட்டும் சார், எதுக்கும் ஒரு கை கூடப் போடுவோம்" என்று அள்ளிப் போட்டார். அவர் கை என்ன சாதாரணக் கையா! வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாடை. குழாயைத் திறந்தால் கண் எரிகிறது. உங்கள் மாமியாரின் பச்சைப் புடவை ஒரு அலசலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெளுத்து, அதைக் கட்டிக்கொண்டு அவள் வாசலுக்கே போகவில்லை. ரோஜாச் செடி கருகிவிட்டது. அவசரத்தில் அந்தத் தண்ணீரையே புட்டியில் பிடித்துக்கொண்டு ஓடினேன். அந்தப் பெண் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, இதில் கிருமி மட்டுமல்ல, எதுவுமே உயிரோடு இருக்காது, வாடை முழுக்கப் போன பிறகு கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

அதற்குள் செப்டிக் டேங்கையும் காலி செய்து உட்புறம் பூசிவிடலாம் என்று கொத்தனாரை வைத்தேன். பூச்சு காயும் வரைக்கும் கழிவறையை உபயோகிக்கக் கூடாது என்றார். அதை அவர் டேங்கைக் காலி செய்த பிறகுதான் சொன்னார். எங்கே போவது? மாப்பிள்ளை, நானும் உங்கள் மாமியாரும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுத் தையல்காரர் வீட்டுக்குப் போனோம். ஒரு காலத்தில் அவருடைய கெஜக்கோல் அரை விரற்கடை குறைகிறது என்று பறிமுதல் செய்தவன் நான். போன மாதம் அவரைக் குடம் குடமாகத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தவனும் நான். அவர் தைத்துக்கொண்டிருந்த துணியைக்கூடக் கீழே வைக்காமல், "வாங்க சார், காலியாத்தான் இருக்கு" என்றார். அளவு கொடுக்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் போவதையும் வருவதையும் பார்த்தார்கள். பூச்சு காய்வதற்குள் மழை வந்து, திரும்பப் பூசி, அது வேறு காய வேண்டியதாயிற்று. அவர் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வாடை போன பிறகு மறுபடி சோதித்தோம். கிருமி குறைந்திருந்தது. குறைந்திருந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண் திருப்திப்படவில்லை, ஒன்றுகூட இருக்கக் கூடாது சார், பவுடர் போட்டால் கொஞ்ச நாள் அடங்கும், திரும்ப வரும், டேங்கையே இடம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பேசாமல் குழாய் இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். டேங்கை மாற்ற மனையில் வேறு இடமில்லை. குழாய் வாங்குவதென்றால், வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்த அதே அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். அவளுக்கு வயது போதாது, எதையும் சட்டென்று சொல்லிவிடுகிறாள். நான் பொறுமையாக இன்னொரு முறை பவுடர் போட்டு, இன்னொரு முறை காத்திருந்து, இன்னொரு முறை மாதிரி கொடுத்தேன். இந்தத் தடவை உங்கள் மாமியாரைக் கிணற்றுப் பக்கமே விடவில்லை. எல்லாவற்றையும் நானே என் கையால் செய்தேன். முறைப்படி செய்தேன். அதை விவரித்து உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. முடிவு நீங்கள் முதலில் பார்த்த அந்தத் தாள்தான். கிருமி எதுவும் காணப்படவில்லை. கிணறு தேறிவிட்டது.

ஆகவே மாப்பிள்ளை, வருகிற ஞாயிற்றுக்கிழமை வாலுவை அழைத்து வந்து முன்போல எங்களிடம் விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊர்க் காப்பகத்தில் அவளை விட்டிருப்பதாகத் தையல்காரர் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு என் மகள் போன் செய்கிறாள் போலிருக்கிறது. அங்கே எத்தனை குழந்தைகளோடு ஒரு குழந்தையாக உட்கார்ந்திருக்கிறாளோ? இங்கே அவளுடைய சின்ன நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை, உட்காரவும் முடியாது, ஆனாலும் எடுத்து ஓரமாக வைக்க மனம் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் நானும் உங்கள் மாமியாரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம், பேச விஷயமே இல்லை. முன்பெல்லாம் வாலு கத்துகிறாள், பேப்பர் படிக்க முடியவில்லை என்று நான் எரிந்து விழுவேன். இப்போது பேப்பரை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறேன். அதில் ஒன்றும் இல்லை. என்னை நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று எழுத மாட்டேன், தாளே பேசுகிறது, அதை நம்புங்கள்.

நீங்கள் இருவரும் குறையொன்றும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். உங்கள் உத்தியோகம் உயர வேண்டும். என் மகளுக்குக் கோபம் தணிய வேண்டும். குழந்தை நோய்நொடி அண்டாமல், நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு வளர வேண்டும். இந்தக் கிழவன் மனதார வாழ்த்துகிறான்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இது உங்கள் மாமியார் எழுதுவது. உறையை ஒட்டித் தபாலில் போட்டுவிடு என்று என்னிடம் கொடுத்துவிட்டு அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை குழந்தை வருகிறாளாம். அவர் திரும்புவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும். முதல் தடவை தண்ணீரைக் கொதிக்க வைத்தது நான்தான். அதை அவர் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லட்டும், தப்பு தப்புதான். கடைசியாகக் கொடுத்த தண்ணீரைக் கொதிக்க வைத்தது நான் இல்லை. கிணற்றுப் பக்கம் வராதே என்றவர், அடுப்படிப் பக்கம் வராதே என்று சொல்ல மறந்துவிட்டார். நான் போனபோது பால் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. என்னவென்று கேட்டேன். "தொண்டை கட்டியிருக்கு, கொப்பளிக்கணும்" என்றார். கொப்பளித்ததை நான் பார்க்கவில்லை. ஆற வைத்துப் புட்டியில் ஊற்றும்போது பாதி கீழே கொட்டிவிட்டது, மறுபடி அடுப்பில் வைத்தார். அடுத்தவன் படியில் ஒரு பொட்டுக் குறைந்தாலும் விடாத மனிதர் அவர். குழந்தை வந்தால் போதும் என்று எனக்கும் இருந்தது, அதனால் நானும் துணி காயப்போடுவது மாதிரி வெளியே போய்விட்டேன். அறிக்கை வந்த அன்று அதைப் படித்துவிட்டு அவர் சந்தோஷப்பட்டதைப் பார்த்தால், அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று தோன்றுகிறது.

கிணறு தேறவில்லை மாப்பிள்ளை. குழந்தையை அழைத்து வராதீர்கள். குழாய் இணைப்புக்கு நான் போய் என் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், அவருக்குத் தெரியாது. குழாய் வந்ததும், அந்தத் தண்ணீரையும் அந்தப் பெண்ணையே வந்து எடுத்துப் போகச் சொல்லி, சரியென்று அவள் வாயால் கேட்ட பிறகு நானே கூப்பிடுகிறேன். அதுவரைக்கும் அவரை ஒரு தடவை அங்கே வரச்சொல்லிக் குழந்தையைக் கண்ணில் காட்டுங்கள். திட்டுவதானால் நேரிலேயே திட்டிவிடுங்கள், அவர் அதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் நின்ற நாளிலிருந்து காத்திருக்கிறார். மேலே அவர் எழுதியதில் ஆசீர்வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கலப்படம் கிடையாது.